பகலில் பாய் விரிக்காத வீடு

3 பிப்ரவரி 2025, திங்கள்

கம்பெனி பஸ் இன்றும் தாமதம். காவியா வந்து இறங்கும்போது மாடுகள் மூன்றும் கத்திக்கொண்டிருந்தன. முகம்கூடக் கழுவாமல் கறக்க உட்கார்ந்தாள். சொசைட்டி வண்டி போவதற்குள் பாலை ஊற்றிவிட்டோம்.

அதன் பிறகு வந்து நிற்கிறாள். "மாமா, ஒரு மணி நேரம் படுத்துக்கறனே."

என் மகனைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இன்னுமா தெரியாது? இங்கே பகலில் பாய் விரிப்பதில்லை. கடைசியாக விரித்தது வெள்ளையம்மாவுக்கு. தலை சுற்றுகிறது என்று ஒரு மத்தியானம் படுத்தாள் என் மனைவி. எழுந்திருக்கவில்லை. அன்றோடு சரி.

"ராத்திரி பூரா நின்னுட்டே இருந்தன் மாமா."

"நான் நாப்பது வருசம் நின்னன். போய் சாணிய அள்ளு."

11 பிப்ரவரி, செவ்வாய்

மகன் குருமூர்த்தி லாரியிலிருந்து போன் செய்தான். பெண்டாட்டியைப் பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்ல வேண்டுமாம். இரவு ஷிப்டே இருக்கட்டும் என்று கம்பெனிக்குப் போய்ச் சொன்னவனே நான்தான். அவள் பகலில் போனால் மாடுகளை யார் பார்ப்பது?

"அப்ப வேலைய உட்டுடட்டும்பா."

எப்படி விடுவது? சூளகிரிக்கு இந்தப் பக்கம் அந்தக் கம்பெனி நிற்கிற இடம் என் கேழ்வரகுக் காடு. எடுத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். கொடுத்தார்களா? ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேப்பர் பார்த்து எழுதப் பழகி, மனு மேல் மனு போட்டு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று வாங்கினேன். மகனுக்கு வயது தாண்டிவிட்டது என்று மருமகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வேலை அவளுடையது இல்லை. அது என் நிலம். தூக்கம் வருகிறது என்று யாராவது நிலத்தை விடுவார்களா?

20 பிப்ரவரி, வியாழன்

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தேன்.

"சாரி சார்," என்றாள்.

சாராம்! நடிப்பா?

2 மார்ச், ஞாயிறு

கம்பெனியில் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். கூட வேலை செய்யும் முனிலட்சுமி டீயில் என்னவோ கலக்கிறாளாம்.

முனிலட்சுமி பக்கத்துத் தெருதான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாங்க எதுக்கு பெரியப்பா சிரிக்கப் போறம்? பஸ் ஏறுனதும் வாயப் பொளந்துகிட்டு தூங்கறவங்க நாங்க. அவ ஒருத்திதான் கண்ணத் தொறந்துட்டே வர்றா. ஒருக்கா அசந்து ஸ்டாப்ப உட்டதுக்கு நீங்க ஊரைக் கூட்டுனீங்களே, அந்தப் பயம். வூட்லயாவது தூங்க உடறீங்களா?"

"உன் வூட்ல நீ தூங்கு. என் வூட்டு நாயம் உனக்கு வேணாம்."

போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போனாள். காது கேட்காதவன் என்று நினைத்தாள் போல. "மாட்டுக்காச்சும் படுக்க எடம் உண்டு" என்றாள். கேட்டது.

9 மார்ச், ஞாயிறு

சிவப்பு மாட்டைக் கறந்து முடித்தவள் மறுபடியும் அதையே கறக்க உட்கார்ந்தாள். கன்றுக்கு விட்ட பாலும் தீர்ந்த மடி. சுண்டிச் சுண்டி இழுக்கிறாள். "பச்ச லைட்டு எரிஞ்சிருச்சு, அடுத்த பீஸ அனுப்புங்க" என்கிறாள் மாட்டிடம். மாடு உதைத்தது. கேன் உருண்டு அன்றைய பால் முழுவதும் வாசலில் ஓடியது.

கை ஓங்கினேன். அடிக்கவும் செய்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவள் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே மணி என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள்.

17 மார்ச், திங்கள்

இதை எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, குழம்பு ஊற்றச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். காவியா உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க மாமா. அத்த படுத்திருக்காங்க."

அவள் காட்டியது மேற்கு மூலை. வெள்ளையம்மா படுத்தது அங்கேதான். இவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே செத்தவள் அவள். போட்டோ தவிர இவள் பார்த்ததில்லை. யார் சொன்னது அந்த மூலையை?

தட்டிலேயே கை கழுவி எழுந்தேன்.

18 மார்ச், செவ்வாய்

முனியப்பன் கோயில் பூசாரி சென்னப்பனைப் பார்த்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார்.

"உங்க சம்சாரம்தான் எறங்கியிருக்கு. மூணு நாளு கூட்டியாந்து உக்கார வையுங்க. ராத்திரி பகலு கண்ண மூட உடக்கூடாது. மூடுனா உள்ளயே தங்கிரும், அப்புறம் என்னாலயும் ஆவாது."

எனக்குப் பூசாரிகள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மூலை?

24 மார்ச், திங்கள்

மூன்று நாள் கம்பெனிக்கு லீவு சொன்னேன். அவளுக்காக நான் கேட்ட முதல் லீவு. கோயில் தூணோடு உட்கார வைத்தோம். தலை சாய்ந்தால் வேப்பங்கொத்தால் அடி, அதற்கும் மசியாவிட்டால் மிளகாய்ப் புகை. முறை போட்டு நானும் விழித்திருந்தேன். இந்த வயதில்.

"நீ யாரு, சொல்லு. உட்டுடறன்," என்று பூசாரி கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாள் "காவியா, காவியா" என்று கத்தினாள். இரண்டாம் நாள் கேட்டால் மட்டும் சொன்னாள். இன்று விடியற்காலையில் அவளே வாயைத் திறந்தாள்.

"வேற பேரு சொன்னா தூங்க உடுவீங்களா?"

"சொல்லு."

"வெள்ளையம்மா."

பூசாரி என்னைப் பார்த்தார், பார்த்தீங்களா என்பது போல. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். புகையில் கண் இரண்டும் பழமாகச் சிவந்திருந்தது.

"தூங்கத்தான் செத்தேன். உசுரோட இருந்தா நீங்க உட மாட்டீங்களே."

எலுமிச்சை அறுத்து, போய்விட்டது, இனித் தூங்கலாம் என்றார் சென்னப்பன். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூங்கவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். இமை மூடமாட்டேன் என்கிறது.

சொன்னது யார்? காவியாவா, அவளா? வெள்ளையம்மாவுக்கு என்ன குறை வைத்தேன் நான்?

27 மார்ச், வியாழன்

முனிலட்சுமி போன் செய்திருக்கிறாள். கல்லாவியிலிருந்து காவியாவின் அப்பா கரியப்பன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

5 ஏப்ரல், சனி

கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குருமூர்த்தி போனில் கத்துகிறான். "பேயும் இல்ல, பிசாசும் இல்லப்பா. மாசக்கணக்கா தூங்காம மூள கலங்கிருச்சுங்கறாரு டாக்டரு. தூங்காம கெட்டவள இன்னும் மூணு நாளு முழிக்க வெச்சியே, நீ மனுசனா?"

நான் என்ன டாக்டரா? பெண்டாட்டி இந்தக் கதிக்கு வரும்வரை லாரியிலேயே இருந்தவன் கேட்கிறான்.

16 ஏப்ரல், புதன்

வேலைக்கு வரவில்லை என்று கம்பெனியில் காவியா பெயரை எடுத்துவிட்டார்கள். கேட்டுக்குள்ளேயே என்னை விடவில்லை. என் காட்டுக்குள் என்னை விடவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

ஊத்தங்கரை பஸ் பிடித்துக் கல்லாவி போனேன். அவளைக் கூட்டிவர இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், அன்றைக்குச் சொன்னது யார் என்று. அது தெரியாமல் எனக்கும் இப்போது ராத்திரி போகமாட்டேன் என்கிறது.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். புளியமரத்தடியில் கட்டில். அதில் காவியா. வாய் லேசாகத் திறந்து, குழந்தை போல. அந்த வீட்டில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். கரியப்பன் நாற்காலி போட்டு, காதருகே வந்து சொன்னார்.

"மருந்து கொடுத்து இப்பத்தான் கண்ணசந்தா சம்பந்தி. எழுப்பிராதீங்க. சாயங்காலம் பேசிக்கலாம்."

கடைசி பஸ்ஸுக்குள் நான் திரும்ப வேண்டாமா? கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு, "ஏம்மா காவியா," என்றேன். அவ்வளவுதான். அதட்டவில்லை.

எழுந்துவிட்டாள். கண் திறக்கவில்லை. இறங்கி நேராக நடந்து, சுவரோரம் குந்தி உட்கார்ந்தாள். முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கறக்க ஆரம்பித்தாள். அங்கே மாடும் இல்லை, கேனும் இல்லை. வெறும் மண். விரல் மட்டும் சரியாக, மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டன் மாமா. வந்துட்டன். பஸ்ஸு லேட்டு."

அவளுடைய அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நான் எழுந்ததும் கரியப்பன் நாற்காலியை மடக்கி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

4 மே, ஞாயிறு

மாடுகளை வியாபாரி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். குருமூர்த்தி வந்து தன் துணியை எடுத்துக்கொண்டு கல்லாவிக்கே போகிறான். வாசலில் நின்று, ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லுப்பா என்றான். சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, மேற்கு மூலையில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தேன். பொழுது சாயும்வரை கிடந்தேன். கண் மூடவில்லை.

பாய் விரித்தபடியே கிடக்கிறது.