கொட்டாங்கச்சி வரிசையைப் பற்றி மலைநாட்டுக்குப் போன ஓலை

நன்று நிலைபெறுக. அலையின் சீற்றத்தைச் சுரபுன்னை வேர்கள் தாங்கி நிற்கும் நாள்வரை இவ்வோலையின் சொல்லும் நிற்பதாகுக.

ஏழு கழிமுகமும் உடையவரும், உப்பு விளையும் கரைக்கு உரியவரும், கணவருக்குப்பின் பன்னிரண்டு ஆண்டாக முடி தாங்கி வருபவருமான சுரபுன்னை நாட்டுப் பெருந்தேவி மணிமுடி நங்கையார் திருவாய் மொழிந்தபடி, ஓலைநாயகம் காரி எழுதியது. கருவேங்கை மலைக்கு உடையவரும், மதயானைக்கும் அஞ்சாதவரும், அத்தையின் ஓலைக்கு மட்டும் சற்றே அஞ்சுபவருமான அருமை மருமகன் கோமான் தும்பைக்கோன் கண்டு மகிழ்க. தங்கள் மலையில் மழை தப்பாதிருக்க. தங்கள் சின்ன மகளுக்கு முளைத்துவரும் பல் நோகாமல் முளைக்க.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. இரு நாட்டு வளையப்பந்து அரங்குகளும் முதன்முறையாக ஒன்றுகூடி இளைஞரைத் தெரிந்தெடுக்கும் நாளுக்குத் தலைமை ஆசனத்தில் எங்கள் தெரிவுநாயகம் அழிசியாரை அமர்த்தும்படி தேவியார் கேட்டிருந்தார். அதற்குத் தாங்கள், கொட்டாங்கச்சி வரிசையைத் தெரிந்தெடுத்த கண்ணை நம்பி எங்கள் மலைப்பிள்ளைகளை எப்படி நிறுத்துவது, வேறொருவரை அனுப்புக என்று மறுமொழி விடுத்தீர்கள். அதைப் படித்ததும் தேவியார் முதலில் சிரித்துவிட்டார். கொட்டாங்கச்சி என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்காதவர் இந்தக் கடற்கரையில் இல்லை. பிறகு ஓலையை மறுபடியும் படிக்கச் சொன்னார். அழிசியாருக்கு வயது அறுபத்தெட்டு. இந்த ஆசனம் ஒன்றைத்தவிர அவர் வாழ்நாளில் எதையும் விரும்பிக் கேட்டதில்லை. அதையும் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. இரு நாட்டுத் தெரிவு என்ற பேச்சு எழுந்த அன்று அவர் முகம் மலர்ந்ததைத் தேவியார்தாம் கண்டார்.

ஆகவே அந்த வரிசையின் கதையைத் தாங்கள் முழுதும் அறிய வேண்டுமென்று தேவியார் மொழிகிறார். சந்தையில் கேட்ட கதை வேறு, நடந்த கதை வேறு.

எங்கள் வழக்கம் தாங்கள் அறிந்ததே. ஒன்பது முழக் கம்பத்தின் உச்சியில் பிரம்பு வளையம். அதனுள் பந்தைப் போடுவதே ஆட்டம். ஐந்து அரங்குகள், அரங்குக்கு ஓர் அணி. ஆண்டுக்கொருமுறை பத்து இளைஞரைத் தெரிவுநாயகம் திறம் பார்த்து, உயரம் அளந்து, வரிசைப்படுத்தி நிறுத்துவார். சென்ற ஆண்டு கடைசியாக வந்த அரங்கு வரிசையின் முதல்வனை அழைத்துக்கொள்ளும். அன்று காலை ஒவ்வொருவனுக்கும் தாய் தன் கையால் எண்ணெய் தடவி, பூச்சூட்டி, உச்சிக்கொண்டை முடிந்து அனுப்புவாள். தாய் முடிந்த கொண்டையைப் பொழுது சாயும்வரை பிறர் கை தொடலாகாது. ஆதலால் அளவுகோலைக் கொண்டையின்மேல் வைத்துத்தான் அளப்பது. எல்லார் தலையிலும் கொண்டை நான்கு விரல் என்றால் ஒருவருக்கும் நட்டமில்லை.

பன்னிரண்டு ஆண்டுக்குமுன், அந்த வரிசை நின்ற ஆண்டு, கொண்டைகள் ஒரு சாண் உயர்ந்திருந்தன.

அத்தனை உயரமான பிள்ளைகளை நாடு கண்டதில்லை. கம்பத்தருகே பத்துப்பேரும் நின்றபோது பனந்தோப்பு நிற்பதாகக் கூட்டம் ஆர்ப்பரித்தது. வரிசையின் தலைவன் உப்பளத்து எயினன். அவனைப் பெற்ற அரங்கினர் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். தேவியாரும் உப்பரிகையில் நின்று பூத் தூவினார்.

அன்று மாலையே நடந்த முதல் ஆட்டத்தில் எயினன் பந்துக்காகத் துள்ளினான். கொண்டை அவிழ்ந்தது. உள்ளேயிருந்து தேங்காய் நாரும் அதன்பின் முழுக் கொட்டாங்கச்சி ஒன்றும் விழுந்து உருண்டன. எதிரணியில் ஒருவன் பந்தென்று நினைத்து அதை எடுத்து எறிய, அது வளையத்துள் சுத்தமாக இறங்கியது. அன்றைய ஆட்டத்தின் சிறந்த எறி அதுவே. அதைச் சேர்ப்பதா விடுவதா என்று நடுவர் அரை நாழிகை யோசித்ததாகச் சொல்வார்கள். கூட்டத்தின் நடுவே எயினன் ஒரு சாண் குட்டையாகி நின்றான். பொழுது சாய்ந்ததும் மற்றவர் கொண்டைகளையும் அவிழ்த்துப் பார்க்க, எட்டுப்பேர் தலையில் ஏதேனும் ஒன்று இருந்தது.

உயரம்தான் போயிற்று, ஆட்டமாவது இருந்ததா என்று தாங்கள் கேட்கலாம். இருந்ததென்று தேவியார் பொய் மொழியார். எயினன் பந்து வந்தால் கண்ணை மூடுவான். பூதி என்பவன் நல்ல ஆட்டக்காரன். ஏழாம் நாள் முழங்கால் முறிந்து போனான். ஒன்பதாமவனாக நின்ற சேந்தன் ஒருவனே நிலைத்தான். அவனும் பதினொரு ஆண்டு மாற்று ஆளாகப் பலகையில் அமர்ந்து, மொத்தம் ஒன்பது முறை வளையத்தில் போட்டான். ஏனையோர் அந்த மழைக்காலம் முடியுமுன் வீடு திரும்பினார்கள். ஐந்து அரங்குகளும் அந்த ஆண்டு எழவேயில்லை.

தங்கள் ஓலை கண்டபின் தேவியார் அந்தப் பத்துப்பேரையும் விருந்துக்கு அழைத்தார். ஏழுபேர் வந்தார்கள். இப்போது எல்லாருக்கும் தொந்தி. தேவியாரே முன்னின்று பரிமாறினார். அவர்கள் பேசிய சொற்களை உள்ளபடியே எழுதும்படி கட்டளை.

எயினன் முதற்கவளம் இறங்குமுன்னே தொடங்கினான். "டேய் சேந்தா, பதினோரு வருஷம் பலகையில உக்காந்தியே, பலகை தேஞ்சுதா, நீ தேஞ்சியா?"

"பலகைதான்டா தேஞ்சுது. உன்னய மாதிரி ஒரே ஆட்டத்துல ஒரு சாண் நான் தேயல."

"என் ஆத்தா வச்ச கொட்டாங்கச்சி என்னவிட நல்லா ஆடுச்சுப்பா. அதையாவது சேத்திருக்கலாம் அணியில."

பூதி தன் முறைக்குச் சொன்னான்: "அதுக்கு முழங்காலும் கிடையாது. முறியவே முறியாது."

தேவியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அழிசியார்மேல் உங்களுக்கு வருத்தம் உண்டா என்று கேட்டார். இலைகளில் கைகள் நின்றன.

எயினன்தான் பேசினான். "அவர்மேல என்னம்மா வருத்தம்? என்னய அரங்கத்த விட்டு அனுப்புனன்னைக்கு ஊருக்குப் போக மூஞ்சி இல்லாம ஆத்தங்கரையில உக்காந்திருந்தேன். அவரே தேடி வந்தாரு. 'எழுந்திருடா, உன் ஊருக்கு நானும் வாரேன்'னாரு. ரெண்டு நாள் நடை. ஊர் வாசல்ல எல்லாரும் கூடி நின்னாங்க சிரிக்கறதுக்கு. அவரு எனக்கு முன்னால போயி நின்னு, 'சிரிக்கறதா இருந்தா என்னயப் பாத்து சிரிங்க. இவன்மேல தப்பில்ல, இவங்க ஆத்தாமேலயும் தப்பில்ல. என் கண்ணு தப்பு'ன்னாரு. கூட்டம் அப்படியே கலைஞ்சு போச்சு."

"எங்கூர்லயும் அதையேதான் சொன்னாரு," என்றான் பூதி. "நடக்க முடியாம வண்டியில கெடந்தேன். கூடவே நடந்து வந்தாரு."

ஏழுபேரும் அதையே சொன்னார்கள்; பலகையில் நிலைத்த சேந்தன் ஊருக்கும் அவர் தனியே போய்ச் சொல்லியிருந்தார். வராத மூவர் ஊரிலும் அப்படியே என்று சேந்தன் சொன்னான். பத்து ஊர் வாசலில் ஒரே சொல். தேவியார் கையிலிருந்த நெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மருமகனே, இதற்குமேல் வருவது இதுவரை எந்த ஓலையிலும் எழுதப்படாதது.

அந்தத் தெரிவுநாள் காலையில் அழிசியார் அரண்மனையின் பக்கவாசலில் வந்து நின்றார். தேவியார் முடி சூடி நாற்பதே நாள் ஆகியிருந்தது. அழிசியார் சொன்னது: "அம்மா, கண்ணு உறுத்துது. இந்தக் கொண்டையெல்லாம் சரியில்ல. ஒரு உத்தரவு குடுங்க. வேற யாரும் தொட வேண்டாம், அவங்கவங்க தாயாரே அவுத்து, அளந்தவொடனே திரும்ப முடிஞ்சிரட்டும்."

தேவியார் சொன்னது: "வேண்டாம் அழிசி. மூணு நாள் நடந்து வந்திருக்காங்க அந்தப் பொம்பளைங்க. புள்ளைங்களச் சந்தேகப்பட்டமாதிரி ஆயிரும். புதுசா வந்தவ வழக்கத்த மாத்துறான்னு நாளைக்கு ஊரே பேசும்."

அவர் வணங்கிப் போனார். மழைக்காலம் முடிந்து பேரவை கூடியபோது ஐந்து அரங்கத்தாரும் அவரைக் குருடர் என்றார்கள், கிழவர் என்றார்கள், கைப்பொருள் வாங்கியவர் என்றும் ஒருவர் சொன்னார். அழிசியார் அரியணைப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. "கண்ணு தப்பிருச்சுங்க. என் தப்புதான்," என்றார். தேவியார் அரியணையில் அமர்ந்திருந்தார். ஒன்றும் மொழியவில்லை. அடுத்த ஆண்டு அழிசியார் கேட்டபடியே சட்டம் வந்தது. தாய்மாரே அவிழ்த்தார்கள், ஒருத்தியும் மனம் நோகவில்லை. அந்தச் சட்டத்துக்காகத் தேவியாரை நாடு புகழ்ந்தது. அதற்கும் தேவியார் ஒன்றும் மொழியவில்லை.

புது அரசியை நாடு பழித்துவிடலாகாது என்று அழிசியார் பத்து ஊர் வாசலில் தன் கண்ணைப் பழித்துக்கொண்டார் என்பதைத் தேவியார் இந்த விருந்தில்தான் அறிந்தார். பேரவையில் ஒருமுறை சொன்னதோடு முடிந்ததென்று பன்னிரண்டு ஆண்டும் எண்ணியிருந்தார்.

ஆதலால் தேவியார் அறிவிப்பது: கொட்டாங்கச்சி வரிசையின் பிழை அழிசியாருடையது அன்று, மணிமுடி நங்கையாருடையது. அழிசியார் கண் அன்றும் சரியாகவே கண்டது. தலைமை ஆசனம் தருவதும் தராததும் தங்கள் உரிமை. அத்தை என்பதற்காக அதைக் கேட்கவில்லை. மறுப்பதானால், உண்மையை அறிந்தபின் மறுக்க.

இவ்வோலையைத் தாங்கள் தனியே படித்துப் பெட்டியில் வைத்துவிடலாகாது. இரு நாட்டு அரங்கத்தாரும் கூடிய அவையில், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் கேட்கும் குரலில், பேச்சுமொழியையும் மாற்றாது படிப்பிக்க. இதன் படியொன்று அதே நாளில் எங்கள் பேரவையிலும் படிக்கப்படும். அங்கே தேவியார் அரியணையை விட்டிறங்கி நின்று கேட்பார்.

இனி ஒன்று. இவ்வோலையைக் கொண்டுவந்து தங்கள் கையில் தருபவர் அழிசியாரே. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று அவர் அறியார். தங்கள் உடல்நலம் விசாரித்து எழுதியதென்று எண்ணியிருக்கிறார். பாதி படிக்கும்போதே எழுந்து, இல்லை, அம்மா மறந்துபோய்ச் சொல்கிறார்கள், தப்பு என்னுடையதுதான் என்று மறுப்பார். அப்போது தாங்களே இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, மீதியையும் படிப்பிக்க.

இஃது உப்பரிகை மண்டபத்தில் மொழிந்து, நண்டு முத்திரையிட்டு, தேவியார் தம் கையால் நூல் கட்டியது. சொல் நிற்க; சொன்னவர் தலை தாழ்க.