மண்ணாங்கட்டிக்கு ஒரு கழுத்துப்பட்டை

ஜூலை 7, திங்கள்

நேற்று குடியிருப்போர் சங்கக் கூட்டம். தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசக் கூடியவர்கள் நாயைப் பற்றிப் பேசிக் கலைந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நாய் பிடிக்கும் வண்டி வரும், சொந்தக்காரர் இல்லாத நாய் வளாகத்தில் இருந்தால் ஒப்படைக்கப்படும் என்று செயலாளர் சுப்பராமன் அறிவித்தார். அப்படி இங்கே இருப்பது ஒன்றே ஒன்று. கறுப்பு, கிழம், யாரையும் கடித்ததில்லை, பல்லும் அதிகமில்லை. வீட்டு வேலைக்கு வரும் ரத்னா அதற்கு வைத்த பெயர் மண்ணாங்கட்டி.

எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். ஊருக்கு வெளியே ஏதோ காப்பகமாம், நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம். முகவரி கேட்டேன். தெரியவில்லை.

"உங்காத்து நாய்னு கழுத்துல ஒரு பட்டையைக் கட்டுங்கோ மாமி, நான் ஏன் வாயைத் திறக்கறேன்?" என்றார்.

நான் நாய் வளர்ப்பவள் அல்ல. மீந்த தயிர்ச்சோற்றை வீணாக்காதவள், அவ்வளவே.

ஜூலை 8, செவ்வாய்

அடையாறில் தோல் பட்டை ஒன்று வாங்கிக் கட்டினேன். மாலைக்குள் கழுத்தில் ரத்தம். குட்டியாக இருந்தபோது எவனோ நைலான் கயிற்றால் கட்டிப்போட்டிருக்கிறான். அந்தத் தழும்பு வளையமாக, முடியே முளைக்காமல், இன்னும் இருக்கிறது. தோல் ஆகாது, ரெக்ஸினும் ஆகாது. மெத்தென்ற பருத்திதான் ஆகும்.

தைத்துவிடுகிறேன். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளுக்கு ஒரு நாயின் கழுத்துச் சுற்றளவு பெரிய விஷயமா?

ஜூலை 10, வியாழன்

பெரிய விஷயம்தான். அரக்கு நிறக் கைத்தறிச் சேலையிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்து, நான்காக மடித்து, உள்ளே பாவாடை நாடா வைத்து மிஷினில் ஓட்டினேன். ஊசி முறிந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும். மூன்றாவதற்குத் தடித்த ஊசியாகப் பார்த்து மாட்டி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றினேன். பழைய தோள்பையிலிருந்து பக்கிளை வெட்டியெடுத்து வைத்தேன்.

ஜூலை 12, சனி

பட்டை துவண்டு கிடந்தது. கஞ்சி போட்டு நிழலில் உலர்த்தி இஸ்திரி செய்தேன். கஞ்சி போடாத சேலையில் நான் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. நாய்க்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

ரத்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாம்மா, நாய்க்குப் போய் கஞ்சி போட்டுக்கினு கீறே? அது இன்னா காலேஜுக்கா போவப்போவுது?"

ஜூலை 13, ஞாயிறு

புண் காய்ந்துவிட்டது. மாலையில் கட்டினேன். இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கம்பீரம்.

ஜூலை 14, திங்கள்

போச்சு. காலையில் கீழே போனால் வெறும் கழுத்தோடு நிக்கறது. பக்கத்துத் தெருச் செவலைப் பெட்டை நாய் கார் ஷெட்டில் படுத்து என் பட்டையைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தாள். அரிசிக் கஞ்சி! இரவெல்லாம் நக்கி, பிறகு கடித்து இழுத்திருக்கிறாள். பக்கிள் தூள். நாய் இருக்கும் இடத்தில் சோற்றை ஊற்றித் துணியை விறைப்பாக்குவாளா ஒருத்தி — எனக்கு என்ன வந்தது?

அழுது ஆகப்போவதென்ன. மிச்சச் சேலையில் இன்னொன்று ஓட்டினேன், கஞ்சியில்லாமல். பக்கிளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே வண்டிச் சத்தம்.

ஊசியும் நூலுமாக இறங்கினேன். முழங்கால் மடங்காது என்று இரண்டு வருடமாகக் கோயிலில்கூட நமஸ்காரம் செய்யாதவள், கார் ஷெட் தரையில் உட்கார்ந்தேன். துணியைக் கழுத்தில் சுற்றி, உள்ளே விரலை வைத்துக்கொண்டு, இரண்டு முனையையும் அங்கேயே சேர்த்துத் தைக்க ஆரம்பித்தேன். ஊசி என் விரலைத்தான் குத்தியது, இரண்டு தடவை. மண்ணாங்கட்டி அசையவில்லை. பயமா, சோம்பலா, தெரியாது.

வலையோடு ஒருவன் வந்து நின்றான். பின்னால் சுப்பராமன்.

"இன்னா பாட்டி, உன் நாயா?"

"ஊரார் நாய்க்கா உட்கார்ந்து தைப்பார்கள்? வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்."

அவன் சுப்பராமனைப் பார்த்தான். சுப்பராமன் என் விரலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று எழுதியே ஆகவேண்டும்.

வண்டி போன பிறகு என்னை எழுப்பிவிட ரத்னா வரவேண்டியிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

முழங்கால். தைலம். வேறொன்றுமில்லை.

ஜூலை 19, சனி

தையலைப் பிரித்துப் புதுப் பக்கிள் வைத்தேன். தழும்பில் உரசவில்லை.

சுப்பராமன் மாடிப்படியில் மறித்தார். "மாமி, உங்க நாய் தினமும் என் கார் டயரை நாசம் பண்றது. நீங்க கொஞ்சம் கண்டிக்கப்படாதா?" நல்ல கோபம்.

அவர் பேச்சில் ஒரு பிழையையும் நான் இதுவரை திருத்தாமல் விட்டதில்லை. இன்று திருத்த எதுவுமில்லை. வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, டயரைக் கழுவ இறங்கினேன்.