அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் வகுத்தல்

என் அமுதா அம்மணி,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். கேட்டுவிட்டே போகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மதுக்கரையில் வெயில் ஆரம்பித்துவிட்டது, பள்ளிக்கூடத்து வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது. உன் நாலாம் வகுப்பை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஆவணியில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வரவேயில்லை. வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

நீ அலையாய் அலைந்து வாங்கி வந்த தொடுதிரை டேப்களும் வகுப்போடு சேர்ந்து என் தலையில் விழுந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன். இதில் போட்டால் பிள்ளைகள் பயமில்லாமல் கணக்குப் போடும் அக்கா என்று நீ சிரிப்பாய். நீ போனபிறகு கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. நீ செய்தபடியே இரண்டு பிள்ளைக்கு ஒரு டேப் என்று கொடுத்தேன்.

டேப்பில் எல்லாரும் நூற்றுக்கு நூறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டை ஆறால் வகுக்கச் சொன்னால், பாதி வகுப்பு பன்னிரண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. நடுவில் சைபர் போட வேண்டும் என்பதே தெரியவில்லை. ஹெச்.எம். தாள்களைப் புரட்டினார். முழுப்பரீட்சைக்குள் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறவில்லை என்றால் டேப்களை வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அதிர்ந்துகூடப் பேசவில்லை மனுசன். எனக்குத்தான் உன்னையே இன்னொரு தடவை அனுப்பி வைப்பது போல இருந்தது.

மறுநாள் பாடம் நடத்தாமல் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். நம்ம தர்ஷினி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறாள். பக்கத்தில் யாஸ்மின்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டுகிறாள். எல்லா ஜோடியிலும் இதே கதை. ஏன் கண்ணு நீ போடலை என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"தப்பாப் போட்டா அந்தப் பொம்மை அழுகுதுங்க டீச்சர். பாவமுங்க. அதான் யாஸ்மின் போட்டுத் தர்றாளுங்க."

விடை தப்பானால் ஓரத்தில் ஒரு மஞ்சள் முகம் கண்ணீர் விடுமே, அது. பெங்களூரிலோ எங்கேயோ உட்கார்ந்து அதைச் செய்தவனுக்கு நம்ம பிள்ளைகளைத் தெரியுமா? வீட்டுக்கு வந்தவர் முகம் வாடினால் பொறுக்காத ஊர் இது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன்னிடம் சொல்ல வேண்டுமே என்று எழுந்தும் விட்டேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சத்தத்தை அடைத்தேன். சார்ட் பேப்பரை வெட்டி, அந்த முகம் வரும் மூலையை மறைத்து ஒட்டினேன். ஆளுக்கு ஒரு கணக்கு, மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றேன். தர்ஷினி முதலில் பன்னிரண்டு என்றேதான் தட்டினாள். யாரும் அழவில்லை, மறுபடி தட்டினாள். அவள் எந்த இடத்தில் இடறுகிறாள் என்று டேப்பே எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஒன்றில் ஆறு போகாது, அங்கே ஒரு சைபர் போட்டுவிட்டு அடுத்த எண்ணை இறக்கு என்று பலகையில் போட்டுக் காட்டினேன். பயமில்லாமல் போடும் என்று நீ சொன்னது இதைத்தானே?

போன வாரம் ஹெச்.எம். தானே வந்து தாளில் கணக்குக் கொடுத்தார். தர்ஷினி நூற்றிரண்டு என்று எழுதி, ஆறால் பெருக்கியும் பார்த்துவிட்டுத்தான் நீட்டினாள். மூன்று நான்கு பேருக்கு இன்னும் தடுமாற்றம்தான், பார்த்துக்கொள்ளலாம். டேப் இங்கேயே இருக்கட்டுங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டே நடந்தேன். மனசு நிறைந்திருந்தது அமுதா.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வரும். முதல் நாளே எல்லாரும் ஒரு கணக்கைத் தப்பாகப் போடுங்கள் என்று சொல்லப் போகிறேன். இத்தனை வருசமாகப் பலகையில் ஒரு தப்பும் போட்டுவிடக் கூடாது என்று நடுங்கியே பாடம் நடத்தியவள் நான். முதல் தப்பை நானே போடுவேன். இது உனக்குச் சத்தியம்.

கூடப் பிறக்காவிட்டாலும் என்றும் உன்,
செல்வி அக்கா