ஜெபமலர் எழுந்து போகாத ஞாயிறுகள்

1956 அக்டோபர் 31, தென்காசி

நாளையிலிருந்து செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சியில் இல்லை. நம் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்கிறது. அங்குள்ள கள்ளுக்கடைக்கு இன்றோடு சரி. தென்காசியில் மதுவிலக்கு வந்த பிறகு நானும் பலசரக்குக்கடை சிவனணைந்தபெருமாளும் சைக்கிள் மிதித்துப் போய்வந்த இடம். "நாளையிலருந்து எங்கனலே போவோம்?" என்றான், துக்க வீட்டுக் குரலில்.

வீட்டில் என் மனைவி ஜெபமலர் சோறு போட்டாள். திட்டித் தொலைத்திருக்கலாம். எங்கள் சபைக் குரு ஞானதுரை ஐயர் குடிக்காக என்னை, அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்திலிருந்து நிறுத்திவைப்பதும் திரும்பச் சேர்ப்பதும் எத்தனை தடவை!

நவம்பர் 4, ஞாயிறு

திருந்திவிட்டதாகச் சபை நடுவே எழுந்து சாட்சி சொன்னேன். "என் ஒருத்தனுக்காகக் கர்த்தர் ரெண்டு ராஜ்யத்து எல்லையையே தள்ளி வச்சிருக்காரு" என்றேன். சபையெல்லாம் ஸ்தோத்திரம் சொன்னது. ஜெபமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஐயர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டாரோ?

அரசாங்கம் கடையை மூடினால் நான் திருந்தினவன் ஆகிவிடுவேனா?

1957 ஜனவரி 14

லைனிங் துணி எடுக்கச் செங்கோட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ரயிலேறி மலைக்கு அந்தப் பக்கம், கள்ளுக்கடை இன்னும் மூடாத ஆரியங்காவில் இறங்கினேன். எல்லை எவ்வளவு தூரம் தள்ளிப் போனதோ அவ்வளவு தூரம் நானும் போயிருக்கிறேன். நேற்று ஞாயிறு முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்தேன். பொங்கலுக்கென்று கொடுத்த சட்டைத் துணிகள் எல்லாம் வெட்டினபடியே என் தையல் மிஷினடியில் கிடக்கின்றன. வெட்கக்கேடு.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஐயர் மறுபடி நிறுத்திவிட்டார். நியாயம்தான். மற்றவர்கள் எழுந்து பீடத்துக்குப் போகையில் நிறுத்தப்பட்டவன் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது பழக்கம். ஆனால் இன்று பெண்கள் பக்கத்தில் ஜெபமலரும் எழுந்து போகவில்லை.

வரும் வழியில் கேட்டேன். "ஏட்டி, ஒன்ன யாரு நிறுத்துனா?"

"ஒருத்தரும் நிறுத்தல. நீங்க எந்திரிக்கிற அன்னைக்கு நானும் எந்திரிக்கேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 3

இன்றும் ஜெபமலர் பந்திக்குப் போகவில்லை. அவளிடமும் ஏதோ குற்றம் இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்களாம். நல்லவளுக்கு என்னால் வந்த பெயர்.

ஜூலை 20

குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குக் குளிக்கத்தான் போனேன் — கர்த்தர் அறிவார், குளிக்கத்தான். பெருமாள், தோப்புக்குள் யாரோ காய்ச்சின சாராயத்தைக் கொண்டுவந்து நீட்டினான். நடுக்கத்துக்கு ஒரு மடக்கு. அப்புறம்? அப்புறம் என்ன, வழக்கம்போலத்தான்.

வேதபுஸ்தகத்தின்மேல் சத்தியம் செய்கிறேன் என்று வீட்டில் மன்றாடினேன். அவள் அதை எடுத்து எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். "சத்தியம் எல்லாம் பண்ணியாச்சு. எனக்கு இனி ஒண்ணும் சொல்லாண்டாம். திங்கக்கெழம கடையத் தொறங்க, போதும்."

குடிப்பது நான், ஆண்டவர் பந்தியில் பட்டினி கிடப்பது அவள். நான் என்ன மனுசன்? சொல்லு, என்ன மனுசன் நான்?

ஜூலை 22

கடையைத் திறந்தேன்.

ஆகஸ்ட் 9

சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது பெருமாள் வந்தான். "ஏலே, ஆரியங்காவுக்குப் போறேன். வாரியா?" நான் போகவில்லை. நாளை கூப்பிட்டால் போவேனோ என்னவோ.

அன்றன்றைக்குரிய அப்பத்தைத்தானே ஜெபத்தில் ஆண்டவர் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்? நான் ஆயுசுக்கும் சேர்த்துக் கேட்டு, ஆயுசுக்கும் சேர்த்துச் சத்தியம் பண்ணி, சாயந்தரத்துக்குள் தோற்றிருக்கிறேன். இன்றைக்கு மட்டும் கேட்டேன். இன்றைக்குக் கிடைத்தது. இதில் ஒரு சின்ன நம்பிக்கை வருகிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 27

மறுபடி குடியில் விழுந்தேன். வாசனை பிடித்து அவள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். "கைகால் கழுவிட்டு வாங்க" என்றாள்.

அக்டோபர் 28

கடையைத் திறந்தேன்.

1958 ஏப்ரல் 6, உயிர்த்தெழுந்த ஞாயிறு

நேற்று ஐயர் கடைக்கு வந்து, "நாளைக்குப் பந்திக்கு வாரும்" என்றார். சாட்சி சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "ஐயோ, அது வேண்டாம்" என்று இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தார்.

எழுந்தேன். அந்தப் பக்கம் அவளும் எழுந்தாள். ஆண்கள் வரிசை முடிகிற இடத்தில் நான், பெண்கள் வரிசை தொடங்குகிற இடத்தில் அவள் என்று முழங்காலிட்டோம். அப்பத்தை வாங்கினேன். அடுத்துக் கிண்ணம் வந்தது. திராட்சரசத்தின் வாசனையில் வாய் ஊறியது. ஆண்டவருக்காக ஊறியதா, பழைய ஊறலா? எனக்கே நிச்சயமில்லை. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

உடனே அவள் பக்கம் திரும்பினேன். நான் மறுத்ததால் அவளும் மறுத்துவிட்டால்?

ஐயர் அவள் முன் போய் நின்றார். ஜெபமலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, எல்லாரும்போல ஒரு வாயோடு விடாமல் குடித்தாள். ஐயர்தான் மெல்ல அதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.