நாலுக்கு ஒன்று

என் செல்ல அம்மா,

போர்வைக்குள் அப்பாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திட்டாதே. தமிழே இல்லாத இந்த ஊரில், தமிழ் எழுது என்று உட்கார வைக்க இப்போது யாரும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்குக் கணக்கு வகுப்பில் என் தப்பை நானே போர்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் மிஸ் தப்பான விடையை அழிக்க விடமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் தன் தப்பை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "விடை எனக்குத் தெரியும். நீ எந்த வழியாப் போனேன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்" என்பார். போன வாரம் ரித்விக் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "ஐயோ, நானும் அப்படித்தான் போட்டேன்!" என்று பாதி வகுப்பு கத்தியது.

என் கணக்கு இதுதான். பூஜைக்கு, 'இந்த ஊர்ப் பொங்கல்' என்பாயே, அந்தக் கிச்சுரி செய்ய அரிசியும் பருப்பும் நாலுக்கு ஒன்று என்று கலந்து, மொத்தம் இருபது கிலோ. பருப்பு எவ்வளவு? நான் இருபதை நாலால் வகுத்து ஐந்து என்று எழுதினேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் உன் டம்ளரை எடுத்தேன். பக்கத்து ஃபிளாட்டுகளுக்கு மாவு விற்றபோது நீ அளந்த மாதிரியே அளந்தேன். நாலு டம்ளர் அரிசி பெரிய பாத்திரத்தில். ஒரு டம்ளர் உளுந்து தனியாக, சின்னக் கிண்ணத்தில். வேலையிலிருந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, நாளைக்கு இட்லியா?"

"இல்லப்பா, ஹோம்வொர்க்."

"அரிசி ஊற வைக்கிறது ஹோம்வொர்க்கா? நல்ல ஸ்கூல்தான் போ!"

சிரித்துக்கொண்டே கிண்ணத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "உங்கம்மாவும் உளுந்தைத் தனியாத்தான் ஊற வைப்பா" என்றார். நீ சாமியிடம் போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது இப்போதுதான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அது கிச்சுரி, எல்லாம் ஒரே பானையில். எனக்கு மட்டும் உன் இட்லி மாவு. தனிக் கிண்ணத்து உளுந்தை மொத்தத்தில் சேர்க்காமலே விட்டுவிட்டேன். சேர்த்தால் ஐந்து பங்கு. பருப்பு நாலு கிலோ.

விடை வந்துவிட்டது, பயம் போகவில்லை. எந்த வழியாகப் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேன் அம்மா. "அவசரத்துல போட்டுட்டேன்னு சொல்லிட்டு உக்காந்துடு, பாகல்!" என்று தன் பாஷையில் என்னைப் பைத்தியம் என்கிறாள் என் தோழி மௌ. சொல்லிவிடலாமா? நீ இருந்தால் என்ன சொல்வாய்?

அவசரத்தில் வந்த தப்பு இல்லையே அது. உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வந்த தப்பு.

டம்ளரையும் கிண்ணத்தையும் ஸ்கூல் பையில் வைத்துவிட்டேன். அழுகை வந்தால் அளந்து காட்டுவேன். ஆனால் உளுந்தைத் தனியாக ஊற வைத்தது என் அம்மா என்று சொல்லாமல் உட்கார மாட்டேன். சத்தியம்.

உன் மாவுக் கை பட்ட கன்னத்தோடு,
உன் பொண்ணு கயல்