ஆறு பேருக்கும் முகமூடி

அன்பான என் வாயாடிக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? என் இருமல் இனிக் குறைந்துவிடும். அது எப்படி என்று கேள்.

குளிர்காலம் என்பதால் பாய்மரப் படகுகள் கொட்டகைக்கு வந்துவிட்டன. அவற்றின் மர விளிம்பைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கிறோம். படகுக்குத் தூசி படாமல் உறை உண்டு. எங்கள் ஆறு பேர் மூக்குக்குத்தான் நேற்றுவரை ஒன்றும் கிடையாது. கேட்டால் சூப்பர்வைசர், "ஊருக்கு டிக்கெட் போடட்டுமா?" என்பான்.

நீ தர்பூசணியைத் தட்டுவாயே, அப்படி ஒரு படகின் விளிம்பைத் தட்டினேன். உள்ளே உளுத்த சத்தம்.

"மூடிக்கிட்டு மேல பூசுடா" என்றான் சூப்பர்வைசர்.

நேற்று அந்தப் படகின் சொந்தக்காரர் வந்தார். அவர் கண்முன்னே அந்த இடத்தில் திருப்புளியை அழுத்தினேன். ஊறிய சோப்பில் இறங்குவதுபோல இறங்கியது. சூப்பர்வைசர் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

"நல்ல வேளை காட்டினே. உனக்கு என்னப்பா வேணும்?" என்றார் சொந்தக்காரர்.

"எனக்கு மட்டும் வேணாம் சார். ஆறு பேருக்கும் முகமூடி வேணும்."

இன்று காலை ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்தது யார் தெரியுமா? அதே சூப்பர்வைசர்!

முகத்தில் கட்ட உன் பழைய சேலைத்துணி கேட்டிருந்தேனே, இனி அதற்குத் தேவையில்லை. ஆனாலும் அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்