வெளியூர் மெயில் முதலில் யார் வாசலுக்கு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இன்றும் சண்டை. முதலாளிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு என்னிடம் கத்தினார்கள்.

கிழங்கு மில்லைப் பிரித்தாகிவிட்டது. ஜவ்வரிசி போடும் பழைய மில் அண்ணன் தனசேகரனுக்கு. கச்சிராயபாளையம் ரோட்டிலுள்ள புது ஸ்டார்ச் ஆலை தம்பி தமிழ்வேந்தனுக்கு. லாரி, எடைமேடை, மலைக்கிழங்கு வாங்கும் வெள்ளிமலை டெப்போ எல்லாம் பங்கு போட்டார்கள். கம்பெனிப் பெயரை மட்டும் இருவரும் விடவில்லை. அந்தப் பெயரில்தான் எல்லோருக்கும் மெயில் முகவரி. அண்ணன் ஆட்களின் மெயில் மில் ஆபீசிலுள்ள பழைய சர்வரிலேயே இருக்க வேண்டுமாம். தம்பி ஆட்களுடையது கிளவுடில், இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில். பெயர் ஒன்று, வீடு இரண்டு. இரண்டையும் இணைத்துத் தர வேண்டியவள் நான்.

இன்றைய சண்டை, வெளியூர் மெயில் முதலில் எந்த வாசலுக்கு வருவது என்று. ஒரு வாசலுக்குத்தான் வரும். அங்கிருந்துதான் மற்ற வீட்டுக்குப் போகும்.

"மூத்தவன் நானு. எங்கிட்ட வந்துட்டுத்தான் அவனுக்குப் போவணும்" என்றார் பெரியவர்.

"கரண்ட் போனா செத்துப்போற மிஷினு அது. என் ஆர்டரு அதுங்கிட்ட போயி கைகட்டிக்கினு நிக்கணுமா?" என்று சின்னவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

போன மாதம் ஆடித் திருவிழாவில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று மல்லுக்கு நின்று தேரையே நிறுத்தியவர்கள். மெயிலுக்கு மட்டும் விடுவார்களா?

ஆகஸ்ட் 5

கிளவுட் வாசல்தான் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு முழுக்க மில்லில் கரண்ட் இல்லாமல் மெயில் நின்றுபோனதை எடுத்துச் சொன்னேன். பெரியவரால் மறுக்க முடியவில்லை. "செய், செய். நீயும் அவன் ஆளுதான?" என்றார். கல்லூரி முடித்ததிலிருந்து அவர் மில்லில்தான் இருக்கிறேன். அந்த சர்வரை ஏற்றி வைத்ததே நான். மனுஷனா இவர்?

ஆகஸ்ட் 8

மெயில் இரண்டு பக்கமும் போய் வருகிறது. ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் சின்னவர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அண்ணன் மெயிலு எல்லாம் நம்ம வழியாத்தான போவுது? எனக்கு ஒரு காப்பி வர்ற மாரி போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

முடியாது சார் என்றேன். "உன் சம்பளத்துல பாதி நாந்தான் குடுக்கறேன், ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் பெரியவர். "சர்வருக்கு நீதான மகாராணி? அவன் யாருக்கு இன்னா வெல போடுறான்னு மட்டும் எடுத்துக் குடு, ஜெபீனா." அவரிடமும் முடியாது என்றேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

எனக்கு இந்த வேலை வேண்டும். கள்ளக்குறிச்சியில் சர்வர் பார்க்க வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? இதை விட்டால் சென்னைதான். அம்மாவுக்கு இங்கே வாரா வாரம் டயாலிசிஸ் நடக்கிறது, அவளை இழுத்துக்கொண்டு எங்கே அலைவேன்? அதற்காக ஒருவர் மெயிலைப் பிரித்து இன்னொருவருக்குக் காட்டணுமா— மாட்டேன். போங்கடா.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெரியவருக்கு வர வேண்டிய இந்தூர் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. சில நாட்களாகவே பெரியவர் பக்கத்துக்கு வெளி மெயில் ஒன்றும் வரவில்லையாம். இன்றுதான் தெரிகிறது. இந்தூர் வியாபாரி போட்டது திரும்பிப் போனதும் வேறு மில்லுக்குக் கொடுத்துவிட்டார். ஆபீசே பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் கேட்டார்: "எவ்ளோ வாங்குன என் தம்பிகிட்ட?"

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திருடி என்கிறார். என்னையா? என்னையா சொல்ற நீ?

ஆகஸ்ட் 20

கண்டுபிடித்துவிட்டேன். மில் சர்வருக்குக் காவலாகப் போட்ட ஃபயர்வாலில் கிளவுடிலிருந்து வருவது அத்தனையும் அடைபட்டிருக்கிறது. நான் அடைக்கவில்லை. ஃபயர்வால் போட்டுத் தந்த ஆளுக்கு போன் செய்தேன்.

"மொதலாளிதாங்க சொன்னாரு. தம்பி பக்கத்துலேந்து ஒண்ணும் உள்ள வரக் கூடாது, அடச்சிடுன்னாரு. நான் இன்னாங்க பண்றது?"

தம்பி வாசல் வழியாகத்தானே இவருடைய மெயிலும் வருகிறது? தம்பியை அடைப்பதாக நினைத்துத் தனக்கே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கிளவுட் ஒரு நாள் பூராவும் தட்டிப் பார்த்துவிட்டு, அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட்டது. அடைப்பை எடுத்தேன். இன்னும் திரும்பாமல் காத்திருந்தவை சரசரவென்று வந்து விழுந்தன.

நாளை இருவரையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "சண்ட அவங்களுது, காய்ச்சலு உனக்கா? வாய மூடிக்கினு இரு" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேசிவிட்டேன்.

"அடைக்கச் சொன்னது நீங்கதான் சார்" என்றேன். பெரியவர் முகம் சுண்டிப்போனது. சின்னவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க சிரிக்காதீங்க சார். அண்ணன் மெயிலுக்குக் காப்பி கேட்டவரு நீங்க. அவரும் உங்களுதக் கேட்டாரு. ரெண்டு பேருக்குமே நான் குடுக்கல. திருட்டுப் பட்டம் மட்டும் எனக்கா?"

பிறகு, சொத்துப் பிரிந்த நாளிலிருந்து முதன்முறையாக, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நீயுமாடா கேட்ட?"

"நீ கேக்கலையாண்ணா?"

இருவருக்கும் உதட்டோரத்தில் சிரிப்பு. பெரியவர் டீ சொல்லியனுப்பினார். இரண்டு டீ. "நீ வெளிய இரும்மா" என்றார் என்னிடம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் ஒரு மெயில். பழைய சர்வரிலிருந்து தனசேகரன் அனுப்பியது. எனக்கும், கிளவுடிலுள்ள தமிழ்வேந்தனுக்கும். முதலாளிகளின் அந்தரங்க விஷயங்களை வெளியில் பேசியதால் இன்றோடு என் வேலை முடிகிறதாம். நான் படித்து முடிப்பதற்குள் தம்பியின் பதில் கிளவுடிலிருந்து வந்து இறங்கியது: "சரிண்ணா. அப்படியே செய்யுங்க."

பழக்கதோஷம், இரண்டும் வந்த வழியைத் திறந்து பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை. பிரிந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட முதல் மெயில் இதுதான்.

நாசமாய்ப் போங்கள் என்று அடித்தேன். அழித்தேன். "கிடைத்தது – ஜெபீனா" என்று மட்டும் இருவருக்கும் பதில் போட்டேன். இரண்டு வாசலுக்கும் உடனே போய்ச் சேர்ந்தது.